லால்பாக் போறீங்களா? ஊர்ல இருந்து வர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கற கேள்விகள்

பெங்களூர் வந்து பதினாலு வருஷம் ஆச்சு, வீடு பசவனகுடி பக்கம், லால்பாக்குக்கு பொடிநடையா போயிடலாம். அதனால சேலம், மதுரை, திருநெல்வேலினு எங்க இருந்து சொந்தக்காரங்க வந்தாலும் "லால்பாக் கூட்டிட்டு போ"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, வர முடியாதவங்க போன்ல கேப்பாங்க. கேள்வி திரும்ப திரும்ப ஒண்ணேதான், நான் வாட்ஸ்அப்ல டைப் பண்ணி டைப் பண்ணி கடைசில எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுடலாம்னு உக்காந்துட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

லால்பாக்னா என்னப்பா, பெரிய பார்க் தான? எங்க ஊர்லயும்தான் பார்க் இருக்கு, அதுக்கு போய் அரை நாள் செலவு பண்ணணுமா?

பார்க் மாதிரி இருக்கும், ஆனா அது தாவரவியல் பூங்கா அத்தை. உலகத்துல பல மூலைல இருந்து மரத்தையும் செடியையும் கொண்டாந்து நட்டு, இங்க வளருமா, நம்ம ஜனங்களுக்கு உபயோகப்படுமான்னு பாத்த எடம். 240 ஏக்கர், அதாவது கிட்டத்தட்ட ஒரு சதுர கிலோமீட்டர், அதுவும் நகரத்துக்கு நட்ட நடுவுல. உள்ள ஒரு மலைப்பாறை இருக்கு, ஒரு ஏரி இருக்கு, இரும்பும் கண்ணாடியுமா ஒரு மாளிகை இருக்கு, மத்ததெல்லாம் மரம்தான்.

ஊஞ்சல், சறுக்குமரம், ரைடு இதெல்லாம் மனசுல வெச்சுட்டு வந்தா ஏமாந்துடுவீங்க. நடக்கப் பிடிக்கும், நின்னு பாக்கப் பிடிக்கும்னா அரை நாள் பத்தவே பத்தாது.

கப்பன் பார்க்கும் லால்பாக்கும் ஒண்ணா? ஒரு எடத்துக்குதான் டைம் இருக்குன்னா எங்க போறது?

ரெண்டும் வேற வேற, நடுவுல சில கிலோமீட்டர் தூரம் இருக்கு. கப்பன் பார்க் 1870ல வெள்ளைக்காரங்க போட்டது, சட்டசபை நடக்கற விதான சவுதா, ஹைகோர்ட், சிவப்பு கலர்ல இருக்கற சென்ட்ரல் லைப்ரரி எல்லாம் அந்தப் பக்கம். அங்க டிக்கெட் கிடையாது, சும்மா புல்லுல படுத்து பொழுது போக்க ரொம்ப நல்ல எடம். பசங்களுக்கு பால் பவன்ல பொம்ம ரயிலு உண்டு.

ஒண்ணுக்குதான் நேரம்னா நான் யோசிக்காம லால்பாக்னு சொல்லுவேன். கப்பன் பார்க்ல நல்ல மரமும் கட்டடமும் இருக்கு, ஆனா லால்பாக்ல இருக்கற பாறையையும் கண்ணாடி மாளிகையையும் வேற எங்கயும் பாக்க முடியாது. கூட வர்றது அஞ்சு வயசுக்குட்டினா மட்டும் கப்பன் பார்க் போங்க.

ரயில்ல மெஜஸ்டிக் வந்து எறங்கறோம், எப்படி வர்றது? எந்த கேட்டுனு வேற குழப்பமா இருக்கு

ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ இருக்கு. பச்சை லைன்ல ஜெயநகர் பக்கம் போற வண்டி ஏறுங்க: சிக்பேட், கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ், அடுத்தது லால்பாக். நாலாவது ஸ்டாப், ஆட்டோகாரர்கிட்ட பேரம் பேசற வேலையே இல்ல. எறங்கி கொஞ்சம் நடந்தா மேற்கு கேட் வந்துடும். ஊர்ல இருந்து பஸ்ல சாந்திநகர் வந்து எறங்கறவங்க டபுள் ரோடு பக்கத்து கேட்டுக்கு ஆட்டோ பிடிச்சா போதும், ரொம்ப கிட்ட.

மொத்தம் நாலு கேட். பாறையும் கிளாஸ் ஹவுஸும் முதல்ல பாக்கணும்னா வடக்குல இருக்கற மெயின் கேட், ஏரியையும் பெரிய இலவ மரத்தையும் முதல்ல பாக்கணும்னா மேற்கு கேட், கார்ல வர்றீங்கன்னா பார்க்கிங் இருக்கற டபுள் ரோடு கேட். ஒரு கேட்ல நுழைஞ்சு வேற கேட்ல வெளிய வாங்க, வந்த வழியே திரும்பி நடக்கற வேலை மிச்சம். முக்கியமா, யாராவது பிரிஞ்சு போனா "கேட்கிட்ட நிக்கறேன்"னு மட்டும் சொல்லாதீங்க, எந்த கேட்டுன்னு சேத்து சொல்லுங்க. எங்க சித்தப்பா ஒரு கேட்லயும் சித்தி இன்னொரு கேட்லயும் முக்கா மணி நேரம் நின்னாங்க, ரெண்டு பேரும் "நான் கேட்லதான் இருக்கேன்"னு போன்ல சொல்லிட்டே இருந்தாங்க.

எத்தன மணிக்கு தொறப்பாங்க? டிக்கெட் எவ்ளோ?

காலைல 6 மணிக்கு தொறந்து சாயங்காலம் 7 மணிக்கு மூடிடுவாங்க. காலைல 9 மணி வரைக்கும் வாக்கிங் போறவங்களுக்காக டிக்கெட் இல்லாம விடுவாங்க, அதுக்கப்புறம் டிக்கெட். ரேட்ட அப்பப்ப மாத்தறாங்க, ஃப்ளவர் ஷோ நாள்ல தனி ரேட், அதனால கேட்ல போர்ட பாத்துக்கோங்க.

காசு மிச்சம் ஆகறத விடுங்க, காலைல ஆறரைக்கு வந்தாதான் இந்த எடமே புரியும். வெயில் சாய்வா மரத்துக்கு நடுவுல விழும், ஏரி மேல லேசா பனி நிக்கும், வயசானவங்க கூட்டமா பெஞ்சுல உக்காந்து கன்னடத்துல அரசியல் பேசுவாங்க. பதினொரு மணிக்கு வந்தா வெயிலும் கூட்டமும்தான். டிசம்பர், ஜனவரில வர்றவங்க ஸ்வெட்டர மறக்காதீங்க.

தம்பி, எங்களுக்கு ரெண்டே மணி நேரம்தான் இருக்கு, மத்தியானம் ரயிலு. எத எத பாக்கணும்னு மட்டும் சொல்லு

மெயின் கேட்ல நுழைஞ்சு நேரா பாறை மேல ஏறுங்க, அரை மணி நேரம். எறங்கி கிளாஸ் ஹவுஸ், இருபது நிமிஷம். அங்க இருந்து ஏரிய பாத்து நடந்தா இலவ மரம், அப்புறம் ஏரிக்கரை, மேற்கு கேட் வழியா வெளிய வந்தா மெட்ரோ. சரியா இருக்கும்.

ரோஜா தோட்டம், போன்சாய் தோட்டம், புறாக்கூண்டு, ஜப்பான் ஸ்டைல் தோட்டம், பேண்ட் ஸ்டாண்ட், குதிரை மேல உக்காந்திருக்கற சாமராஜேந்திர உடையார் சிலைனு இன்னும் நிறைய இருக்கு. ரெண்டு மணி நேரத்துல எல்லாத்தையும் பாக்க ஓடுனா ஒண்ணும் மனசுல நிக்காது. மேல சொன்ன நாலே போதும்.

அந்த மொட்டப் பாறைல ஏறி என்னதான் இருக்கு? எல்லாரும் அங்கதான் போறாங்க

எனக்கு லால்பாக்ல ரொம்ப பிடிச்ச எடமே அதுதான், அதனால இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன். அந்தப் பாறைக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம். பூமிக்கே வயசு 450 கோடி வருஷம் சொச்சம்தான். டைனோசர் அழிஞ்சது 6.6 கோடி வருஷம் முன்னாடி, இமயமலை மேல எழும்ப ஆரம்பிச்சு சுமார் 5 கோடி வருஷம்தான் ஆகுது. அதெல்லாம் நேத்து நடந்த கதை மாதிரி ஆயிடுது இந்தப் பாறைக்கு முன்னாடி. இந்திய புவியியல் ஆய்வுத் துறை இத தேசிய புவியியல் நினைவுச்சின்னம்னு அறிவிச்சிருக்காங்க, அங்கயே கல்வெட்டும் இருக்கு. நிறைய பேர் அந்தக் கல்வெட்டு மேல சாஞ்சு செல்ஃபி எடுப்பாங்க, படிக்க மாட்டாங்க.

ஏறும்போது நடுவுல ஒரு எடத்துல குனிஞ்சு கைய வெச்சு பாருங்க. சாம்பல் கலர்ல ஒரு பட்டை, அதுக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு பட்டை, சில எடத்துல லேசா ரோஸ் கலர். பட்டை நேரா ஓடாது, தோசைக்கல்லுல மாவ கரண்டியால இழுத்துவிட்ட மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு போகும். பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல, தாங்க முடியாத சூட்டுலயும் அழுத்தத்துலயும் பாறை இளகி மடங்கினப்ப விழுந்த மடிப்பு அது. மேல இருந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான வருஷமா மழைலயும் காத்துலயும் கரைஞ்சு போயி, அடில இருந்தது வெளிய வந்திருக்கு. இந்த வகைக்கு பேரு நைஸ், தென்னிந்தியாவுல பெரிய பகுதிக்கு அஸ்திவாரமே இந்த மாதிரி பாறைதான். எங்க அப்பா ஒரு தடவ செருப்ப கழட்டிட்டு ஏறினாரு. ஏன்ப்பான்னு கேட்டேன். "இவ்ளோ வயசானதுமேல செருப்போட நிக்க மனசு வரல"ன்னாரு.

மழை பெஞ்சா மட்டும் ஏறாதீங்க, பயங்கரமா வழுக்கும்.

மேல சின்னதா கோபுரம் மாதிரி இருக்கே, அது கோயிலா? செருப்ப கழட்டணுமா?

கோயில் இல்ல, கெம்பேகவுடா கோபுரம். பெங்களூர 1537ல உருவாக்கினவர் கெம்பேகவுடா, அவங்க வம்சத்து காலத்துல ஊருக்கு நாலு பக்கமும் காவல் கோபுரம் கட்டினாங்க. மத்த மூணும் அல்சூர் ஏரிகிட்ட, கெம்பாம்புதி ஏரிகிட்ட, மேக்ரி சர்க்கிள்கிட்ட. ஊரு இதுவரைக்கும்தான் வளரும், இத தாண்டாதுன்னு எல்லை குறிச்சதா இங்க எல்லாரும் சொல்லுவாங்க. மேல நின்னு சுத்தி பாருங்க, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எட்டற வரைக்கும் கட்டடம்தான்.

கிளாஸ் ஹவுஸ் போனோம், உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் தரை. அதுக்கு ஏன் இவ்ளோ பேர் வர்றாங்க?

ஃப்ளவர் ஷோ இல்லாத நாள்ல போனா அப்படித்தான் இருக்கும் அண்ணி, உள்ள பூவ தேடாதீங்க, கட்டடத்த பாருங்க. லண்டன்ல 1851ல கண்காட்சிக்குனு கிரிஸ்டல் பேலஸ்னு ஒண்ணு கட்டினாங்க, முழுக்க இரும்பும் கண்ணாடியும். அத மனசுல வெச்சு இங்க தோட்டத்த பாத்துக்கிட்ட ஜான் கேமரூன் முயற்சி பண்ணி கட்ட வெச்சது இது. 1889 நவம்பர் 30ஆம் தேதி இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினாரு. வார்ப்பிரும்பு தூணெல்லாம் ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ ஊர்ல வார்த்து கப்பல்ல வந்தது.

தூணு பக்கத்துல போய் நின்னு மேல பாருங்க, தூணும் வளைவும் சேர்ற எடத்துல பூ வேலைப்பாடு இருக்கும், இரும்புல அவ்ளோ மெல்லிசா எப்படி பண்ணாங்கன்னு தோணும். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் 1936ல தீப்பிடிச்சு அழிஞ்சு போச்சு. அதப் பாத்து கட்டினது இங்க இன்னும் கம்பீரமா நிக்குது.

ஃப்ளவர் ஷோ எப்போ? அதுக்குன்னே வரலாமா?

வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜனவரி 26ஐ ஒட்டி ஒண்ணு, ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஒண்ணு, ஒவ்வொண்ணும் பத்து பன்னெண்டு நாள் நடக்கும். கிளாஸ் ஹவுஸ் உள்ள ஏதாவது ஒரு கரு எடுத்துட்டு பூவாலயே பெருசா செய்வாங்க. 2022 ஆகஸ்ட்ல கன்னட நடிகர் ராஜ்குமாருக்கும் அவர் மகன் புனித் ராஜ்குமாருக்கும் அஞ்சலியா செஞ்சாங்க, புனித் இறந்து ஒரு வருஷம்கூட ஆகல அப்ப, அந்தக் கூட்டத்துல அழுதுட்டே நின்னவங்கள நான் பாத்தேன். 2023 ஆகஸ்ட்ல விதான சவுதாவும் அத கட்ட வெச்ச கெங்கல் ஹனுமந்தய்யாவும்.

வரலாம், ஆனா லீவு நாள்ல வராதீங்க. நாங்க ஒரு வருஷம் சரியா ஆகஸ்ட் 15 அன்னிக்கே பதினோரு பேரு போனோம், பாட்டிய கூட்டத்துல பிடிச்சுக்கவே நேரம் சரியா இருந்தது, பூவ விட மனுஷங்க தலையத்தான் ஜாஸ்தி பாத்தோம். வாரநாள்ல காலைல தொறக்கும்போதே போங்க, பூவும் ஃபிரெஷ்ஷா இருக்கும். கார் எடுத்துட்டு வர்ற யோசனையே வேணாம், மெட்ரோதான். அப்புறம் முக்கியமா, முதல் தடவ லால்பாக் வர்றவங்க ஷோ நேரத்துல வராம இருக்கறது நல்லது. ஷோ பாப்பீங்க, லால்பாக்க பாக்க மாட்டீங்க.

எனக்கு மரத்து பேரெல்லாம் தெரியாது. எல்லா மரமும் ஒரே மாதிரிதான் தெரியுது. எத பாக்கறது?

மூணு மரம் சொல்றேன், அத மட்டும் தேடுங்க. முதல்ல ஏரிப் பக்கம் இருக்கற பெரிய இலவ மரம், நம்ம தலகாணிக்கு பஞ்சு எடுக்கறோமே அதே ஜாதி. வயசு சுமார் 200 வருஷம்னு சொல்றாங்க. அடிமரத்துல இருந்து வேரு சுவர் மாதிரி எழும்பி நாலாபக்கமும் ஓடும், ரெண்டு வேருக்கு நடுவுல ஒரு ஆள் நின்னா வெளிய தெரிய மாட்டாரு. தோலு யானைத் தோலு மாதிரி சாம்பல் கலர்ல சுருங்கி இருக்கும். மேல ஏறாதீங்க, வேருல பேரு செதுக்காதீங்க, ஏற்கனவே அது மேல நிறைய காயம்.

ரெண்டாவது நாகலிங்க மரம். நம்ம ஊர் சிவன் கோயில்ல பாத்திருப்பீங்க, பூவு கிளைல இல்லாம அடிமரத்துல இருந்தே கொத்தா தொங்கும், நடுவுல லிங்கம் மாதிரி, மேல நாகம் குடை பிடிச்ச மாதிரி. கீழ விழுந்த பூ ஒண்ண எடுத்து மோந்து பாருங்க, அந்த வாசனை கை விட்டு ரொம்ப நேரம் போகாது. இவ்ளோ நம்மளோடதா தெரியற மரத்துக்கு சொந்த ஊரு தென் அமெரிக்கா, அத தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்தது. தூங்குமூஞ்சி மரமும் அந்தப் பக்கத்துதுதான், குல்மொகர் மடகாஸ்கர்ல இருந்து வந்தது.

மூணாவது அரோகேரியா, கிறிஸ்துமஸ் மரம்னு எல்லாரும் சொல்றது. ஊசி மாதிரி நேரா வானத்துக்கு போயி, தட்டு தட்டா கிளை விட்டிருக்கும், தூரத்துல இருந்தே தெரியும். இந்த மூணையும் அடையாளம் கண்டுட்டீங்கன்னா அடுத்த தடவ நீங்களே மத்த மரத்துல இருக்கற போர்ட படிக்க ஆரம்பிச்சுடுவீங்க.

கல்லா மாறின மரம் ஒண்ணு இருக்காமே, நிஜமா மரமா இல்ல சிமெண்ட்ல செஞ்சதா?

நிஜமான மரம்தான், அதுவும் நம்ம ஊர்ல இருந்து வந்தது! விழுப்புரம் மாவட்டத்துல திருவக்கரைல கல்மரப் பூங்கா இருக்கு இல்லயா, அங்க இருந்து கொண்டாந்தது. வயசு சுமார் 2 கோடி வருஷம். வெள்ளத்துல அடிச்சுட்டு வந்த மரம் மணலுக்குள்ள ஆழமா புதைஞ்சு போச்சு, காத்து படாததால மக்கல. தண்ணில கரைஞ்சிருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கி மரத்தோட ஒவ்வொரு துணுக்கு எடத்தையும் பிடிச்சுக்கிச்சு. அதனால மரத்தோட ரேகை அப்படியே இருக்கும், தட்டினா கல்லு.

நிறைய பேர் ஏதோ பழைய கட்டைன்னு தாண்டி போயிடறாங்க. தோட்டத்துல வேலை பாக்கறவங்கள கேளுங்க, காட்டுவாங்க.

அண்ணா, எந்த மாசம் வந்தா பூ நிறைய இருக்கும்?

டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் ரோஸ் கலர் தபேபுயா, இலையெல்லாம் உதிர்ந்து வெறும் பூவா நிக்கும். பிப்ரவரி, மார்ச்ல மஞ்சள் தபேபுயாவும் ஊதா கலர் ஜகரந்தாவும். ஏப்ரல், மே மாசம் குல்மொகர் செக்கச்செவேல்னு, கூடவே மஞ்சள் கொன்றை மாதிரி இருக்கற பெருங்கொன்றை. ஒரு வருஷம் மழை முன்ன பின்ன ஆனா பூவும் முன்ன பின்ன ஆகும்.

இப்படி ஒண்ணு முடிய இன்னொண்ணு பூக்கறது தானா அமைஞ்சதில்ல. க்ரும்பிகல்னு ஒரு ஜெர்மன்காரர், லண்டன் கியூ தோட்டத்துல வேலை பாத்து, பரோடா மகாராஜாகிட்ட இருந்து, 1908ல இங்க வந்தவரு. வருஷம் பூரா நகரத்துல எங்கயாவது ஒரு தெருவுல மரம் பூத்திருக்கணும்னு கணக்கு போட்டு நட வெச்சாரு. பிருந்தாவன் தோட்டத்துக்கும் அவர் கை உண்டு. 1956ல பெங்களூர்லயே இறந்தாரு. பிப்ரவரி மாசம் இந்த ஊர்ல ரோட்டுல நடக்கும்போது தலைல பூ விழுந்தா நான் அந்த மனுஷன நினைச்சுப்பேன்.

ஏரில என்ன இருக்கு?

பறவை. நீர்க்காகம் ரெக்கைய விரிச்சு வெயில்ல காய வெச்சுட்டு நிக்கும், கொக்கு, நீலத்தாழைக்கோழி, நேரம் நல்லா இருந்தா கூழைக்கடா. பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு வாங்க. சத்தம் போடாம கரைல உக்காந்தா போதும், பொரி எதுவும் போடாதீங்க.

அம்மாவுக்கு முட்டி வலி, அவங்கள கூட்டிட்டு வந்தா எதையாவது பாக்க முடியுமா?

கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. உள்ள பேட்டரி வண்டி ஓடுது, தனியா டிக்கெட் எடுத்து உக்காந்தா ஒரு சுத்து சுத்தி காட்டுவாங்க. ரோடெல்லாம் தார் ரோடு, பெரும்பாலும் சமதளம், வீல்சேர் தள்ளலாம். அங்கங்க பெஞ்சு உண்டு. பாறை மேல மட்டும் ஏற முடியாது, ஆனா அடிவாரத்துல நின்னே அந்தப் பட்டைய தொட்டுப் பாக்கலாம், மேல சொன்னேனே அது. எங்க பெரியம்மா அடிவாரத்துல உக்காந்துட்டு "நீங்க ஏறிட்டு வாங்க, நான் இது பக்கத்துல இருக்கேன்"னாங்க, திரும்பி வந்தப்ப கண்ண மூடி பாறைல முதுக சாச்சு நிம்மதியா தூங்கிட்டிருந்தாங்க.

பசங்களுக்கு போர் அடிக்குமா?

ஓட விட்டா போர் அடிக்காது. மெயின் கேட் பக்கம் பூக்கடிகாரம் இருக்கு, செடியாலயே டயல், அதுமேல பெரிய முள்ளு நிஜமாவே ஓடும்படி எச்.எம்.டி கம்பெனி செஞ்சு குடுத்தது. ஆமா, நம்ம தாத்தாங்க கைல கட்டியிருந்த அதே எச்.எம்.டி. சுத்தி ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் பொம்மையா இருப்பாங்க, குட்டிங்க அங்கயே நின்னுடுவாங்க. பெரிய பசங்களுக்கு பாறையோட வயச சொல்லி ஏத்துங்க, கேள்வி மேல கேள்வி கேப்பாங்க.

சாப்பாடு கட்டி கொண்டு வரலாமா? பக்கத்துல என்ன கிடைக்கும்?

உள்ள பிளாஸ்டிக் விட மாட்டாங்க, தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு வாங்க. புளிசாதம் கட்டிட்டு வந்து புல்லுல விரிச்சு சாப்பிடற எடம் இது இல்ல, உள்ளயே ஹாப்காம்ஸ் கடைல பழமும் ஜூஸும் கிடைக்கும், விவசாயிங்க கூட்டுறவு, சுத்தமா இருக்கும்.

டிபனுக்கு மெயின் கேட்ல இருந்து கொஞ்ச தூரத்துல எம்.டி.ஆர், 1924ல ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப் போர் சமயம் அரிசி கிடைக்காதப்ப ரவைல இட்லி செஞ்சு பாத்து அங்கதான் ரவா இட்லி பொறந்ததுன்னு சொல்லுவாங்க, நெய் ஊத்தி முந்திரி வெச்சு வரும், அத ஒண்ணு சாப்பிட்டே ஆகணும். ஞாயிற்றுக்கிழமை காலைல வரிசை நீளமா இருக்கும், திங்கள் லீவு. சாயங்காலம்னா வி.வி.புரம் சாப்பாட்டுத் தெரு, ஜனவரில வந்தா அங்க அவரைக்கா சீசன், தோசை, வடைனு எல்லாத்துலயும் அவரைப்பருப்பு போடுவாங்க.

கல்யாண போட்டோ ஷூட் பண்ணலாமா?

போன்ல எடுக்கறது பிரச்சன இல்ல. பெரிய கேமராவுக்கு தனி சீட்டு, ஷூட்டுனா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், உள்ளயே தோட்டக்கலைத் துறை ஆபீஸ் இருக்கு, அங்க கேளுங்க. பூவ பறிச்சு தலைல வெச்சு எடுக்கறது மட்டும் வேணாம்.

1760ல ஹைதர் அலி போட்ட தோட்டம்னா உள்ள இருக்கற மரமெல்லாம் 260 வருஷ மரமா? வெள்ளைக்காரன் போட்டதுன்னும் சொல்றாங்களே, எது சரி?

ரெண்டும் சரிதான், கட்டம் கட்டமா நடந்தது. ஹைதர் அலி 1760ல ஆரம்பிச்சப்ப சுமார் 40 ஏக்கர்தான், சீரா ஊர்ல இருந்த மொகலாயத் தோட்டத்த பாத்து ஆசப்பட்டு போட்டது. திப்பு சுல்தான் வெளிநாட்டுல இருந்தெல்லாம் விதையும் கன்னும் வரவழைச்சு பெருசு பண்ணாரு. 1799ல திப்பு இறந்ததுக்கப்புறம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஆளுங்க கைக்கு போயி, 1856ல அரசு தாவரவியல் பூங்கா ஆச்சு. இப்ப நாம பாக்கற மரத்துல பெரும்பாலானது அதுக்கப்புறம் வந்தது. திப்பு காலத்துதுன்னு சொல்ற சில மாமரங்கள் மட்டும் உண்டு. கேமரூன், க்ரும்பிகல், அவங்களுக்கப்புறம் தோட்டத்த பாத்துக்கிட்ட ஜவராயா, மரிகவுடான்னு ஒவ்வொருத்தரும் சேத்து சேத்துதான் 240 ஏக்கர் ஆச்சு.

அதனால யாராவது ஒருத்தர் பேர மட்டும் சொன்னா பாதிக்கதைதான்.

தமிழ்க்காரங்களுக்கும் லால்பாக்குக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

திருவக்கரை கல்மரம் ஒண்ணு, மேல சொல்லிட்டேன். அத விட பெருசு திகளர்னு ஒரு சமுதாயம். பூ, காய்கறி தோட்டம் போடறதுல கைதேர்ந்தவங்க, தமிழ்நாட்டுப் பக்கத்துல இருந்து வந்தவங்க, அவங்க பேச்சுல தமிழ் கலந்திருக்கும். லால்பாக்க பராமரிக்க ஹைதர் அலி அவங்கள வரவழைச்சாருன்னு சொல்லுவாங்க. பெங்களூர் கரகத் திருவிழா அவங்களோடதுதான், கன்னட சைத்ர மாசத்து பௌர்ணமி ராத்திரி தர்மராயர் கோயில்ல இருந்து கெளம்பும், திரௌபதி அம்மனுக்கு எடுக்கறது. நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பாத்தவங்களுக்கு அது ரொம்ப பழகினதா தெரியும்.

இன்னொண்ணு சமையல்கட்டுல இருக்கு. சௌசௌவ நம்ம வீட்டுல பெங்களூர் கத்திரிக்கான்னும் சொல்லுவோம் இல்ல? அது மெக்சிகோ பக்கத்து காய். கிளாஸ் ஹவுஸ கட்ட வெச்ச அதே கேமரூன்தான் அத இங்க கொண்டாந்து வளத்து ஜனங்களுக்கு பழக்கினதா சொல்றாங்க. எங்க அம்மாகிட்ட சௌசௌ கூட்டு சாப்பிடும்போது இத சொன்னேன், அதுல இருந்து அம்மா லால்பாக் வந்தா கேமரூன் கட்டின கட்டடம் எதுன்னு கேட்டு பாத்துட்டு போறாங்க.

செடி வாங்கிட்டு போலாமா?

வாங்கலாம், நர்சரி இருக்கு, விலையும் நியாயமா இருக்கும். ஆனா பெங்களூர் குளிருக்கு பழகின செடி உங்க ஊர் வெயில்ல தாங்குமான்னு கேட்டு வாங்குங்க. வேலூருக்கு ஆசையா எடுத்துட்டு போன ஃபியூஷியா மூணு வாரத்துல கருகிப் போச்சுன்னு மாமா இன்னும் வருத்தப்படறாரு.

நாலு தடவ வந்தாச்சு, எல்லாம் பாத்தாச்சு, இனிமே என்ன இருக்கு பாக்க?

ஒரே ஒரு மரத்த எடுத்துக்கோங்க, வேற வேற மாசத்துல வந்து அத மட்டும் பாருங்க. நான் அந்த இலவ மரத்த எடுத்துக்கிட்டேன். டிசம்பர்ல இலை கொட்டி மொட்டையா நிக்கும், அப்புறம் பூ வரும், பச்சையா காய் தொங்கும், மார்ச் கடைசி ஏப்ரல்ல காய் வெடிச்சு பஞ்சு பறக்க ஆரம்பிக்கும். போன வருஷம் அம்மாவ அந்த சமயத்துல கூட்டிட்டு போனேன். காத்துல வந்த பஞ்ச பிடிச்சு உள்ளங்கைல உருட்டி, உள்ள இருந்த கருப்பு விதைய நகத்தால எடுத்துட்டு, "உனக்கு முதல் தலகாணி இந்தப் பஞ்சுலதான் தெச்சேன்"னாங்க. அப்புறம் கீழ கெடந்தத பொறுக்கி பொறுக்கி கைக்குட்டைல ஒரு பிடி சேத்து வெச்சுக்கிட்டாங்க.